ஜூலியா அல்வாரெஸும் ஓர் இரவல் கடனும்

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த அரங்கில் நான் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இன்று பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. 'எழுத்தாளர்களை எழுதத் தூண்டியது எது?' என்ற வரிசையில் ஆளுக்கொருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டவர் ஜூலியா அல்வாரெஸ். அமெரிக்காவில் ஆங்கிலத்தில் எழுதும் லத்தீனா எழுத்தாளர். லத்தீனா என்றால் லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட பெண் என்று பொருள். இவருடைய வேர் கரீபியக் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசில் இருக்கிறது.

வரலாற்று நாவல் என்றதும் நமக்கு அரண்மனையும் குதிரையும் வாள் சண்டையும்தான் கண்முன் வரும். அல்வாரெஸ் 1994-இல் வெளியிட்ட 'வண்ணத்துப்பூச்சிகளின் காலத்தில்' என்ற நாவலில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு ஜீப், ஒரு மலைப்பாதை, நான்கு சகோதரிகள். சம்பவம் நடந்தபோது எழுத்தாளருக்கு வயது பத்து.

முதலில் சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். ரஃபாயெல் துருஹியோ என்ற சர்வாதிகாரி 1930 முதல் 1961 வரை அந்த நாட்டைத் தன் பிடிக்குள் வைத்திருந்தார். தலைநகரத்துக்கே தன் பெயரைச் சூட்டிக்கொண்டவர். வீட்டுச் சுவரில் அவர் படம் தொங்க வேண்டும். அவருடைய இரகசியப் போலீசுக்கு எல்லா இடத்திலும் காது உண்டு.

வடக்கே சால்செடோ பகுதியில் மிராபால் குடும்பம். பாத்ரியா, தெதே, மினெர்வா, மரியா தெரேசா என்று நான்கு பெண்கள். மினெர்வா சட்டம் படித்துப் பட்டம் வாங்கினார். வழக்காடும் உரிமத்தை அரசாங்கம் கொடுக்கவில்லை. 1959 ஜூன் 14-இல் நாடு கடந்து வாழ்ந்தவர்கள் துருஹியோவைக் கவிழ்க்கப் படையோடு வந்து தோற்றுப் போனார்கள். அந்தத் தேதியையே பெயராக வைத்து ஓர் இரகசிய இயக்கம் பிறந்தது. மினெர்வாவும் அவர் கணவர் மனோலோவும் அதன் முன்னணியில் இருந்தார்கள். 'மரிபோசா', அதாவது வண்ணத்துப்பூச்சி, என்பது மினெர்வாவின் மறைபெயர். பாத்ரியாவும் மரியா தெரேசாவும் சேர்ந்துகொண்டார்கள். தெதே சேரவில்லை.

1960-இல் இயக்கம் பிடிபட்டது. மினெர்வாவும் மரியா தெரேசாவும் சிறைக்குப் போனார்கள். பிறகு பெண்களை விட்டார்கள், கணவன்மார்களை விடவில்லை. அதே ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி புவெர்த்தோ பிளாத்தா சிறையில் கணவர்களைப் பார்த்துவிட்டு மூன்று சகோதரிகள் ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாத்ரியாவின் கணவர் அந்தச் சிறையில்கூட இல்லை. தங்கைகளுக்குத் துணையாகப் போனவர் அவர். வழியில் நிறுத்தினார்கள். மூவரையும், வண்டியோட்டி ருஃபினோ தெ லா குருஸையும் அடித்துக் கொன்று, உடல்களை ஜீப்பிலேயே போட்டு மலைச்சரிவில் தள்ளிவிட்டார்கள். 'விபத்து' என்று செய்தி வந்தது. நாட்டில் யாரும் அதை நம்பவில்லை. ஆறு மாதத்தில், 1961 மே 30-இல், துருஹியோ சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனி அல்வாரெஸ் குடும்பத்துக்கு வருகிறேன். ஜூலியா 1950-இல் நியூயார்க்கில் பிறந்தார். சில மாதக் குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அப்பா மருத்துவர். அவரும் துருஹியோவுக்கு எதிரான ஓர் இரகசியத் திட்டத்தில் இருந்தார். அது வெளிப்படும் நிலை வந்ததும் குடும்பத்தோடு புறப்பட்டு 1960 ஆகஸ்டு 6-ஆம் தேதி நியூயார்க்கில் இறங்கினார். அங்கும் நான்கு பெண் பிள்ளைகள்; ஜூலியா இரண்டாவது.

நான்கு மாதம் கழித்து அப்பா ஒரு 'டைம்' சஞ்சிகையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் மிராபால் சகோதரிகளின் கொலை பற்றிய செய்தி. பிள்ளைகள் அதைத் தொடவே கூடாது என்று உத்தரவு. கடல் தாண்டி வந்த பிறகும், எந்த நிமிடமும் இரகசியப் போலீஸ் வாசலுக்கு வந்துவிடும் என்ற பயம் பெற்றோரை விடவில்லை. படிக்கக்கூடாது என்று சொன்ன ஒரு பக்கம்! என்னைப் பொறுத்த வரையில் அந்த நாவல் அன்றைக்கே தொடங்கிவிட்டது. பல ஆண்டு கழித்து, நாவலுக்குத் தகவல் திரட்டும்போதுதான் அதே சஞ்சிகையைத் தேடி எடுத்து அவர் முழுமையாகப் படித்தார்.

யோசித்துப் பாருங்கள். ஒரே நாடு, ஒரே ஆண்டு, இரண்டு குடும்பத்திலும் நான்கு பெண்கள். ஒரு குடும்பம் ஆகஸ்டில் தப்பி வந்துவிட்டது. இன்னொரு குடும்பத்தில் நவம்பரில் ஒருத்திதான் மிஞ்சினாள். தப்பி வந்தவர்கள் அங்கே இருந்தவர்களுக்கு ஏதோ கடன்பட்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் ஜூலியாவை விடவே இல்லை. வரலாற்று நாவலுக்குத் தூண்டுதல் என்றால் பழமையின் மீது ஆசை, ஆராய்ச்சி ஆர்வம் என்றெல்லாம் சொல்வார்கள். இவருக்கு இருந்தது கடன். அதுவும் அவர் வாங்காத கடன்.

அதை அடைக்க உடனே உட்கார்ந்து எழுதிவிடவும் இல்லை. எண்பதுகளில் ஒரு பெண்கள் பதிப்பகம் லத்தீனா வீராங்கனைகளைப் பற்றி அஞ்சலட்டை வரிசை போட்டது. டொமினிக்கன் பெண் ஒருவரைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதித் தாருங்கள் என்று இவரைக் கேட்டது. மிராபால் சகோதரிகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தேடினால் அமெரிக்க நூலகத்தில் ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. ஒரு பத்திக்காகத் தேடப் போனவர் ஒரு நாவலோடு வந்தார்.

ஊருக்குப் போனபோது சகோதரிகளின் வீட்டில் அவர்களுடைய உடைகளையும் பொருள்களையும் பார்த்தார். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். மரியா தெரேசாவின் நீண்ட பின்னல் அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. இறந்துபோன தங்கையின் தலையிலிருந்து தெதே வெட்டி எடுத்து வைத்த பின்னல் அது. ஆயிரம் பக்க ஆவணம் கொடுக்காததை அந்த ஒரு பின்னல் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தெதேவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும். அதற்கு முன் என் கதை ஒன்று. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், கோயிலுக்குப் போன வேன் ஒன்று விபத்தில் சிக்கியது. இறந்த ஒருவரின் அக்காவைப் பேட்டி எடுக்க என்னை அனுப்பினார்கள். எந்த ஊர், எந்த நிகழ்ச்சி என்பதெல்லாம் வேண்டாமே. அறுபது வயதைத் தாண்டிய அம்மா. ஒலிவாங்கியை நீட்டி, "நீங்க ஏம்மா அன்னிக்கு அந்த வேன்ல போகல?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "வேன்ல எடம் பத்தல ஆயி. என் எடத்துல அவ ஒக்காந்துட்டா" என்றார். அதற்குப் பிறகு என்னால் எதுவும் கேட்க முடியவில்லை. நிகழ்ச்சி முன்னோட்டத்தில் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நல்ல பேட்டி என்று எனக்குப் பாராட்டு வேறு.

சில ஆண்டு கழித்து அல்வாரெஸின் நாவலைக் கையில் எடுத்தேன். முதல் அத்தியாயத்தில் தெதேவின் வீட்டுக்கு ஒரு பெண் பேட்டி எடுக்க வருகிறாள். அவளும் அமெரிக்காவிலிருந்து வரும் டொமினிக்கன் பெண்தான். எல்லோரும் சுற்றி வளைத்து எந்தக் கேள்விக்கு வருவார்கள் என்று தெதேவுக்குத் தெரியும். நீ மட்டும் ஏன் பிழைத்தாய்? நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு வாரம் தொடவில்லை.

உண்மையான தெதே, கொலைக்குப் பிறகு அக்கா தங்கைகள் விட்டுச் சென்ற ஆறு பிள்ளைகளையும் தன் மூன்று பையன்களோடு சேர்த்து வளர்த்தார். ஒரு மகன் பின்னாளில் நாட்டின் துணை அதிபரானார். மினெர்வாவின் மகள் மினூ நாடாளுமன்றம் வரை போனார். கொலையாளிகளுக்கு 1962-இல் தண்டனை கிடைத்தது. 1965 உள்நாட்டுப் போர்க் குழப்பத்தில் அவர்கள் தப்பிவிட்டார்கள். தெதே எங்கும் போகவில்லை. அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் சகோதரிகளின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்வதற்காகத்தான் உயிரோடு விடப்பட்டேன் என்பது அவர் நிலைப்பாடு. 2014 பிப்ரவரியில் தமது 88-ஆவது வயதில் காலமானார். நாவலில் மற்ற மூன்று பெண்களும் 'நான்' என்று பேசுகிறார்கள். தெதேவின் அத்தியாயங்களில் மட்டும் பெரும்பாலும் 'அவள்' என்றே வரும். இறந்தவர்களுக்குக் கிடைத்த 'நான்' பிழைத்தவளுக்குக் கிடைக்கவில்லை. எழுத்தாளர் யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும்.

சரி, இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை? நிறையவே கற்பனை உண்டு. மரியா தெரேசாவின் நாட்குறிப்பு அல்வாரெஸ் எழுதியது. விருந்து நடனத்தில் மினெர்வா துருஹியோவை அறைவதாக ஒரு காட்சி வரும். அது மக்கள் வாயில் வளர்ந்த கதை. தெதே பொறாமையிலும் பயத்திலும் மினெர்வாவுக்கு வந்த ஒரு கடிதத்தை எரிப்பதாக வரும். அதுவும் நாவலுக்குள் நடப்பதுதான். செய்திப் பிரிவில் நாங்கள் இப்படிச் செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்! எனக்கும் முதலில் இது உறுத்தியது. உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் மீது அவர் எரிக்காத கடிதத்தை ஏற்றலாமா?

நாவலின் பின்னுரையில் அல்வாரெஸ் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். இவர்கள் உண்மை மிராபால் சகோதரிகளும் இல்லை, புராணமாகிப் போன சகோதரிகளும் இல்லை, என் மனத்தில் உருவானவர்கள் என்று. அதற்கு அவர் தரும் காரணம்தான் முக்கியம். தெய்வமாக்கி மேடையில் ஏற்றிவிட்டால் அவர்களை நாம் மறுபடியும் இழக்கிறோம். அந்தத் துணிச்சல் நம்மைப் போன்றவர்களுக்கு ஆகாத காரியம் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவோம். துருஹியோவையும் அந்த நாடு ஒரு தெய்வம் போலத்தான் வைத்திருந்தது. அதே பழக்கம் இவர்களிடமும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. அதனால்தான் நாவலில் மரியா தெரேசா காலணிக்கு ஆசைப்படுகிறாள், பாத்ரியா குழந்தையை இழந்து கடவுளோடு சண்டை போடுகிறாள், தெதே பயப்படுகிறாள். அந்தக் கடிதத்தை நான் இப்போதும் முழு மனத்தோடு ஏற்கவில்லை. ஆனால் பயந்த ஒருத்தியை மரியாதையோடு எழுதியிருக்கிறார் என்பதை ஏற்கிறேன்.

ஐக்கிய நாடுகள் சபை 1999-இல் நவம்பர் 25-ஐப் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் அனைத்துலக நாளாக அறிவித்தது. ஆண்டுதோறும் அந்த நாளுக்கு நாமும் சிறப்பு நிகழ்ச்சி செய்கிறோம். தேதி எங்கிருந்து வந்தது என்று நானே இந்த நாவலைப் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அல்வாரெஸின் மற்ற வரலாற்று நாவல்களும் இதே வழியில்தான் வந்தன. ஒருவர் விட்டுப்போன இடத்தில் இன்னொருவர் நிற்பது. 2000-இல் வந்த 'சலோமே' நாவல் டொமினிக்கன் கவிஞர் சலோமே உரேஞாவையும் அவர் மகள் கமிலாவையும் பற்றியது. அம்மா இறந்தபோது மகளுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. 2006-இல் வந்தது பெரியம்மைத் தடுப்பு மருந்தின் கதை. 1803-இல் ஸ்பெயினிலிருந்து 22 அனாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். குளிர்ப்பெட்டி இல்லாத காலம். ஒரு சிறுவனின் கையில் எழும்பும் கொப்புளத்திலிருந்து அடுத்தவன் கைக்கு என்று மாற்றி மாற்றி மருந்தை உயிரோடு அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு மெக்சிகோவிலிருந்து வேறு சிறுவர்களோடு மணிலாவுக்கும் வந்து சேர்ந்தது அந்த மருந்து. தலைமை மருத்துவர் பல்மிஸின் பெயர் வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டு உடன் போன இசபெல் என்ற பெண்ணின் குடும்பப் பெயரை மட்டும் ஆவணத்துக்கு ஆவணம் வேறு வேறாக எழுதி வைத்திருக்கிறார்கள். அல்வாரெஸ் நுழைவது அந்த இடத்தில்தான்.

2024-இல் வந்த 'சொல்லப்படாத கதைகளின் கல்லறை' நாவலில் வயதான ஓர் எழுத்தாளர் தம்மால் முடிக்க முடியாத கையெழுத்துப் படிகளை ஊருக்கு எடுத்துப்போய்ப் புதைக்கப் பார்க்கிறார். உள்ளே இருக்கும் மனிதர்கள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி பியென்வெனிதா, துருஹியோ தள்ளிவைத்த மனைவி. மிராபால் சகோதரிகளைக் கொன்றவனுடைய மனைவிக்கும் காது கொடுக்கிறார் அல்வாரெஸ், எழுபத்து நான்காவது வயதில். கதையில் அந்தக் குரல்களைக் கேட்பவள் கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் பிலோமினா என்ற சாதாரணப் பெண். அவள் எதுவும் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த அம்மாவை நான் போன ஆண்டு மறுபடியும் போய்ப் பார்த்தேன். கேமரா இல்லை. தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். தங்கை எப்படி நண்டுக் குழம்பு வைப்பாள், எந்தச் சேலையை இரவல் வாங்கித் திருப்பியே தரவில்லை என்று மதியம் வரை பேசினார். வேனைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நேரம் முடிந்துவிட்டது என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். அந்தக் கையை எத்தனை பேருக்கு நானே காட்டச் சொல்லியிருக்கிறேன்!