தூய நீரில் இறந்த மீன்கள்

(வானொலிச் சிற்றுரை)



எங்கள் பங்கு இல்லத்தில் ஒரு மீன்தொட்டி உண்டு. இளைஞர்கள் எனக்குப் பரிசளித்தது. கப்பி, மோலி என்று பதினைந்து மீன்கள். மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் சிறுவர்கள் அதைச் சுற்றித்தான் நிற்பார்கள். எங்கள் ஊர்க் கிணற்று நீர் உப்புப் படியும் கடினநீர். ஆகவே, நல்லது செய்வதாக நினைத்து, நான் குடிக்கும் ஆர்.ஓ. கேன் தண்ணீரையே தொட்டியில் ஊற்றி வந்தேன்.

சில மாதங்களில் மீன்கள் சோர்ந்தன. சோதித்துப் பார்த்தேன். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6க்கும் கீழே இறங்கியிருந்தது. 7 என்றால் நடுநிலை. அது 6 ஆனாலே அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். பதறிப்போய், சமையலறையிலிருந்து சோடா உப்பை எடுத்துக் கரைத்து ஊற்றினேன். அளவு 8ஐத் தொட்டது. நிம்மதியாகத் தூங்கினேன். காலைத் திருப்பலி முடிந்து வந்து பார்த்தால், ஒன்பது மீன்கள் மிதந்தன.

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் எங்கள் பங்கில் இருக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “சாமி, புளிச்ச தண்ணி கொல்லல. ஒரே ராத்திரியில நீங்க பார்த்த வைத்தியம்தான் கொன்னுடுச்சு.”

அவர் விளக்கியது இதுதான். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அப்போது அமிலமும் உண்டாகிறது. நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். நான் ஊற்றிய நீரில் அது ஏறக்குறைய இல்லை. அமிலம் ஏறியதும் பாக்டீரியாக்கள் சோர்ந்தன, அம்மோனியா சேர்ந்தது. ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். நான் திடீரென்று அளவை உயர்த்தியதும், அதில் ஒரு பகுதி கொடிய அம்மோனியாவாக மாறிவிட்டது.

முதலில் பழைய நீரில் கொஞ்சத்தை மாற்றியிருக்க வேண்டும். பிறகு, நாளுக்கு 0.2, 0.3க்கு மேல் அளவு ஏறாதபடி பொறுமையாக உயர்த்தியிருக்க வேண்டும்.

அதே வாரத்தில் ஒரு தந்தை என்னைப் பார்க்க வந்தார். கல்லூரி செல்லும் மகன் ஓராண்டாக வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. “இன்னைக்கு ராத்திரி உட்கார வச்சு எல்லாத்தையும் கேட்டு முடிச்சிடப் போறேன், ஃபாதர்” என்றார். நான் அவருக்கு என் ஒன்பது மீன்களின் கதையைச் சொன்னேன். ஓராண்டாகச் சேர்ந்ததை ஓர் இரவில் சரிசெய்யப் போனால், அடங்கிக் கிடப்பதும் நஞ்சாக எழும்பிவிடலாம். அன்றிரவு அவர் எதுவும் கேட்கவில்லை. மகனுக்கு ஒரு தேநீர் போட்டுக் கொடுத்தார். மறுநாளும் கொடுத்தார். மூன்றாம் வாரம், “நீங்க குடிச்சீங்களாப்பா?” என்று மகன் கேட்டானாம். அவ்வளவுதான் இதுவரை. எனக்கு அது போதுமான செய்தி.

இப்போது எங்கள் தொட்டியில் கேன் தண்ணீரோடு கிணற்று நீரும் கலக்கிறது. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுகிறோம். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுகிறோம். நல்ல பாக்டீரியாக்கள் பிழைக்க வேண்டுமே. கழுவிய கிளிஞ்சல்கள் கொஞ்சம் போட்டிருக்கிறோம். அமிலம் ஏறும்போது அவை மெல்லக் கரைந்து அதைத் தணிக்கின்றன. தேவையான அளவே கரைகின்றன, சத்தமில்லாமல்.

அன்புக்குரியவர்களே, நம் வீடுகளுக்கும் அப்படிச் சில கிளிஞ்சல்கள் தேவை. குறையே இல்லாத தூய்மையைவிட, பிறருடைய புளிப்பைத் தாங்கிக் கரையும் மனம் பெரிது. இன்று உங்கள் வீட்டில் சோர்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். மெதுவாகத் தொடங்குங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. வணக்கம்.