பிள்ளைகளின் ஏடும் பெரியோரின் கத்தரிக்கோலும்

(ஆண்டு விழாவில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாவில் வரவு செலவுக் கணக்கை ஒப்புவிப்பது வழக்கம். இவ்வாண்டு வேறொரு கணக்கையும் தீர்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். நம் காலனித் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒரு கையெழுத்து ஏடு தயாரித்து இவ்விழாவிலே வைக்கின்றனர். இம்முறை அதிலிருந்து ஒரு பக்கத்தைச் செயற்குழுவினராகிய நாங்களே கத்தரித்து எடுத்துவிட்டோம். ஞாயிறு மாலை பெரியவர்கள் சீட்டாடி முடித்த பிறகே நூலக அலமாரி திறக்கப்படுகிறது என்று ஒரு சிறுமி அதில் எழுதியிருந்தாள். வரும் விருந்தினர் நகைப்பரே என்று அஞ்சினோம். “பிழை இருந்தால் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லாமல் எடுத்தீர்கள்?” என்று அவள் கேட்டாள். எங்களிடம் விடை இல்லை.

விடை தேடப் புகுந்தபோது, இதே வழக்கு அமெரிக்க நாட்டில் உச்சநீதி மன்றம் வரை ஏறியிருப்பதை அறிந்தோம். அங்கே பள்ளிகளை நடத்துவது பெரும்பாலும் “பள்ளி மாவட்டம்” என்னும் உள்ளூர் அமைப்பு. மாணவர் ஒழுக்கம், தண்டனை, பள்ளிக்குள் எந்தத் தாளை எங்கே எப்போது வழங்கலாம் என்பன பற்றி அது விதிகள் வகுக்கிறது. அவ்விதிகளுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சில பிள்ளைகளே நாட்டுக்கு உணர்த்தினர்.

1965 டிசம்பரில், அயோவா மாநிலத்து டெ மாயின் நகரில், வியட்நாம் போரில் மாண்டோருக்கு இரங்கிக் கையில் கறுப்புப் பட்டி அணியச் சில மாணவர்கள் எண்ணினர். செய்தி அறிந்த தலைமையாசிரியர்கள் முன்கூட்டியே கூடித் தடை விதித்தனர். தடையை மீறி அணிந்தோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் மேரி பெத் டிங்கர் என்ற சிறுமிக்கு வயது 13. 1969-இல் உச்சநீதி மன்றம், எழுவர்க்கு இருவர் என்ற கணக்கில், மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. பள்ளி வாயிலில் நுழைவதனால் மாணவர் தம் கருத்துரிமையை இழப்பதில்லை. பாடம் பெரிதும் குலையும் என்பதற்கோ, பிறர் உரிமை கெடும் என்பதற்கோ தக்க காரணம் வேண்டும். வெறும் அச்சம் போதாது என்பதே அதன் சாரம்.

அடுத்து, தாள்கள் வழங்கும் செய்தி. சிகாகோ நகரில், மேலதிகாரியின் முன்அனுமதி இன்றி மாணவர் எதையும் வழங்கலாகாது என்றொரு விதி இருந்தது. 1972-இல் மேல்முறையீட்டு மன்றம் அதனைச் செல்லாதென்றது. 1971-இல் கனெக்டிகட்டின் ஸ்டாம்போர்டு நகர வழக்கிலே வேறொரு மன்றம், முன்பார்வை கூடும், ஆனால் முடிவு விரைவில் கிடைக்க வழி இருத்தல் வேண்டும் என்றது. காலமும் இடமும் வரையறுக்கலாம். வாயையே அடைத்துவிடலாகாது என்பதே இவற்றால் விளங்குவது.

தண்டனைக்கும் முறை உண்டு. 1975-இல், ஒஹையோ மாநில வழக்கொன்றில், பத்து நாளுக்கு உட்பட்ட நீக்கமேயாயினும், குற்றம் இன்னதென்று மாணவனுக்குச் சொல்லி, அவன் தன் பக்கத்தைக் கூற இடமளிக்க வேண்டும் என்று உச்சநீதி மன்றம் விதித்தது.

எங்களுக்குச் சாதகமான தீர்ப்பும் உண்டு. அதை மறைப்பது அழகன்று. 1983-இல், மிசௌரி மாநிலத்து ஹேசல்வுட் பள்ளியின் தலைமையாசிரியர், மாணவர் இதழில் இரண்டு பக்கங்களை நீக்கினார். மாணவியர் சிலரின் கருவுற்ற நிலை பற்றியும், பெற்றோர் மணமுறிவு பற்றியும் கட்டுரைகள் அவற்றில் இருந்தன. பெயர் மறைத்தும் அம்மாணவியரை அடையாளம் காணக்கூடும் என்று அவர் கவலையுற்றார். 1988-இல் உச்சநீதி மன்றம், ஐவர்க்கு மூவர் என்ற கணக்கில், பள்ளி தானே நடத்தும் இதழில் கல்வி நோக்கோடு அவ்வாறு செய்யலாம் என்றது.

நம் ஏடும் சங்கத்தின் ஏடே. ஆகவே இத்தீர்ப்பைக் குடையாகப் பிடித்து நாங்கள் நனையாமல் போய்விடலாம். ஆயினும், அத்தலைமையாசிரியர் காக்க நினைத்தது பிறருடைய மானத்தை. நாங்கள் காக்க நினைத்ததோ எங்கள் சீட்டாட்டத்தை! சட்டம் இடங்கொடுப்பது வேறு. பெரியோர்க்குத் தகுவது வேறு அன்றோ?

நம் பாரத நாடும் இதில் பின்தங்கியதன்று. 1985-இல், கேரளத்தில், நாட்டுப்பண் பாடும்போது மரியாதையுடன் எழுந்து நின்றும், தம் சமயநெறி கருதிப் பாடாதிருந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டில் நம் உச்சநீதி மன்றம் அவர்களை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் விலக்குகிறது. மொழி கடந்த ஊரில் வாழும் நாம், பிள்ளைகள் தமிழை மறக்கலாகாது என்று அவர்களிடம் நாள்தோறும் கூறுகிறோம். அத்தமிழில் அவர்கள் முதன்முதலாக உண்மை ஒன்றை எழுதியபோது கத்தரிக்கோலை எடுத்தோம். பிறகு எம்மொழியில் அவர்கள் பேசுவர்?

ஆதலின் செயற்குழு நான்கு முடிவுகள் செய்துள்ளது. ஏட்டில் விலக்கத் தக்கவை இவை என்று முன்பே எழுதி வைப்போம்: பொய்ப்பழி, இழிமொழி, பிறர் குடும்ப மறைவுச் செய்தி. ஒரு பக்கத்தில் ஐயம் எழுந்தால் மூன்று நாட்களுக்குள் காரணம் சொல்வோம். எழுதியவர் சொல்வதைக் கேட்டபின்பே முடிவு செய்வோம். எங்கள்மேல் குறை கூறுவதொன்றே நீக்கத்துக்குக் காரணமாகாது.

பிள்ளைகளும் ஒன்று கருத வேண்டும். உரிமை கேட்பவர் பொறுப்பையும் கேட்டு வாங்க வேண்டும். எழுதுமுன் செய்தி மெய்தானா என்று ஆராய வேண்டும். இச்சிறுமி ஆராய்ந்தே எழுதினாள். அதுதான் எங்களைச் சுட்டது.

கத்தரித்த பக்கம் மீண்டும் ஒட்டப்பட்டு, வாயில் மேசைமீதுள்ள ஏட்டில் இருக்கிறது. ஒட்டிய தழும்பு தெரியும், தெரியட்டும். அலமாரிச் சாவி இனித் தமிழ் வகுப்பு மாணவர் தலைவரிடம் இருக்கும். சீட்டாட விரும்பும் பெரியோர் நூலக நேரம் முடிந்தபின் வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.