நிக்சன் வைத்த கெடு

வியட்நாம் போரை எதிர்த்து அமெரிக்க வீதிகளில் நடந்த போராட்டங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வரும்: இத்தனை லட்சம் பேர் ஊர்வலம் போனார்களே, போர் நின்றதா? உடனே நிற்கவில்லைதான். அமெரிக்கத் தரைப்படை தா நாங் கடற்கரையில் இறங்கியது 1965 மார்ச்சில். மாணவர்களின் எதிர்ப்பும் அந்த ஆண்டே வலுத்தது. ஆனால் பாரிஸ் உடன்பாடு கையெழுத்தானது 1973 ஜனவரியில். அந்தப் போரில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டார்கள். வியட்நாமியர்களின் சாவு பத்து லட்சத்தைத் தாண்டியது. இதைக் காட்டி, போராட்டம் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. அரசு என்ன செய்தது என்று மட்டும் பார்த்தால் பாதி உண்மைதான் தெரியும். எதைச் செய்யத் திட்டமிட்டுப் பிறகு கைவிட்டது என்றும் பார்க்க வேண்டும்.

1968-இல் வடவியட்நாம் தரப்பு நடத்திய டெட் தாக்குதலுக்குப் பிறகு இராணுவத் தலைமை மேலும் 2,06,000 வீரர்களைக் கேட்டது. அதிபர் ஜான்சன் அதில் சிறு பகுதியைத்தான் அனுப்பினார். அந்த மார்ச் மாதத்தில் பாதுகாப்புத் துறைக்குள் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று, கட்டாய இராணுவச் சேவையை மறுப்பவர்கள் பெருகுவதையும் நகரங்களின் கொந்தளிப்பையும் சுட்டி, உள்நாட்டில் இதுவரை காணாத நெருக்கடி மூளலாம் என்று எச்சரித்தது. 1971-இல் வெளியான பென்டகன் ஆவணங்களில் இது இருக்கிறது. 1969-இல் நிக்சன் பதவிக்கு வந்தார். நவம்பர் 1-க்குள் இறங்கி வராவிட்டால் கடும் நடவடிக்கை என்று வடவியட்நாமின் தலைநகரான ஹனோய்க்கு இரகசியமாகக் கெடு விதித்தார். ஹைபோங் துறைமுகத்தில் கண்ணிவெடிகளை இடுவது, ஹனோய் மீது பெருங்குண்டுவீச்சு நடத்துவது என்று ‘டக் ஹூக்’ என்ற பெயரில் திட்டமும் தயாரானது. கெடுவுக்கு இரண்டு வாரம் இருக்கையில், அக்டோபர் 15 அன்று, நாடெங்கும் இருபது லட்சம் பேர் வரை வேலையையும் வகுப்பையும் விட்டு வெளியே வந்தார்கள். பெருநகரங்களோடு சிற்றூர்களும் அதில் சேர்ந்தன. வாஷிங்டனில் மெழுகுவத்தி ஏந்திய ஊர்வலத்தை மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா கிங் முன்னின்று நடத்தினார். நவம்பர் 1 வந்தது, போனது, தாக்குதல் நடக்கவில்லை. இந்தப் போராட்டங்களுக்கு மசியமாட்டேன் என்று அப்போது வெளிப்படையாகச் சொன்ன நிக்சன், பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில், தம் கெடுவின் மதிப்பை அவை கெடுத்துவிட்டதாக எழுதினார். அமைச்சர்கள் லெயர்டும் ரோஜர்ஸும் திட்டத்தை எதிர்த்ததும் ஒரு காரணம்தான். ஆனால் அவர்களுடைய கையை வலுப்படுத்தியது எது என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா?

அதே ஹைபோங்கில் 1972 மே மாதம் கண்ணிவெடி இட்டாரே என்பார்கள். உண்மை. ஆனால் 1969 ஏப்ரலில் 5,43,000 ஆக இருந்த அமெரிக்கப் படை அதற்குள் 70,000-க்கும் கீழே இறங்கியிருந்தது. போரைப் பெருக்கிக்கொண்டே போகும் வழி அடைபட்டிருந்தது. அறிஞர் ஜான் முல்லர் வைக்கும் வாதம் இதைவிட ஆழமானது. கொரியப் போரின்போது பெரிய போராட்டம் ஏதும் இல்லை. ஆனாலும் சாவு பெருகப் பெருக மக்கள் ஆதரவு ஏறக்குறைய இதே அளவில் சரிந்தது. அப்படியானால் மக்கள் மனத்தை மாற்றியது சவப்பெட்டிகள்தான், ஊர்வலங்கள் அல்ல என்றாகிறது. மனமாற்றத்தைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கருத்துக்கணிப்பில் சலிப்பைச் சொல்லிவிட்டு வீட்டிலிருக்கும் குடிமக்களை ஓர் அரசு பொறுத்துக்கொள்ளும். படைக்கு வர மறுத்துச் சிறைக்குப் போகத் துணிந்த இளைஞர்களை அப்படித் தள்ளிவிட முடியாது. 1970 மே 4 அன்று கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கேலப் கணிப்பில் 58 விழுக்காட்டினர் மாணவர்களையே குறை சொன்னார்கள். போராடியவர்களை நாடு விரும்பவில்லை. ஆனாலும் அடுத்த மாதமே, கம்போடியாவில் புகுந்த அமெரிக்கப் படை திரும்பியது. அங்கும் லாவோஸிலும் தரைப்படையை அனுப்பக் கூடாது என்று அந்த ஆண்டு முடிவில் நாடாளுமன்றம் தடை விதித்தது. 1971 பிப்ரவரியில் லாவோஸ் மீது படையெடுப்பு நடந்தபோது தரையில் எல்லை கடந்தது தென்வியட்நாம் படை மட்டுமே.

போராட்டம்தான் ஹனோய்க்குத் தெம்பூட்டிப் போரை நீட்டியது என்ற குற்றச்சாட்டையும் தொடர்ந்து கேட்கிறோம். 1954-இல் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தவர்களுக்கு அமெரிக்க மாணவர்களிடமிருந்து தெம்பு தேவைப்பட்டிருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என்னை உறுத்துவது வேறு. வீரர்கள் ஊர் திரும்பத் திரும்ப, கட்டாயச் சேவையின் அச்சம் குறையக் குறைய, வீதிகளில் கூட்டமும் மெலிந்தது. தரையில் குறைந்த போர் வானத்தில் தொடர்ந்தது. 1972 டிசம்பரில் ஹனோய் மீது பன்னிரண்டு நாள் அளவில் பி-52 விமானங்கள் குண்டு பொழிந்தபோது, 1969-இன் மக்கள் வெள்ளம் திரளவில்லை. அமெரிக்க இளைஞனின் உயிரைக் காத்த அளவுக்கு வியட்நாமியக் குழந்தையின் உயிரை அந்த இயக்கத்தால் காக்க முடியவில்லை என்பதே அதன் மீது நான் வைக்கும் கடுமையான விமர்சனம். ஆனால் அதில் ஒரு பகுதியினர் ஓயவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களின் கதவைத் தட்டி, போருக்கான பணத்தை நிறுத்தச் சொன்னார்கள். இந்தோசீனா முழுவதிலும் அமெரிக்கப் போர் நடவடிக்கைகளுக்கு நிதியை மறுக்க நாடாளுமன்றம் 1973 கோடையில் வாக்களித்தது. ஆகஸ்ட் 15 அன்று கம்போடியா மீதான குண்டுவீச்சு நின்றது.