புதுவீட்டுக்கு வந்தாச்சு, டொக்டர் எங்கே?

கொழும்பில் வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் விசாரிப்பது தண்ணீர் ஒழுங்காக வருமா, நல்ல மீன் எங்கே வாங்கலாம் என்பதைத்தான். டொக்டரைத் தேடுவது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நடுச்சாமத்தில்!

எடுத்த எடுப்பில் ஸ்பெஷலிஸ்டைச் 'சனல்' பண்ண, அதாவது காசு கட்டி நேரம் பதிய, ஓடுவது கொழும்புக்காரர் பழக்கம். தடிமனுக்கும் இருமலுக்கும் பக்கத்து டிஸ்பென்சரி டொக்டரே போதும். அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியர்கள் கடமை முடிந்த பிறகுதான் தனியாக நோயாளரைப் பார்க்கலாம். பல பெயர்ப்பலகைகளில் மாலை நேரம் இருப்பது அதனால்தான். பலகையில் உள்ளவர் பதிவுபெற்றவர்தானா என்று ஐயமா? இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பார்க்கலாம்.

காசில்லாமல் மருந்து தரும் மாநகர சபை மருந்தகங்களும் உண்டு. நம்மில் பலர் அந்த வாசலை மிதித்ததே இல்லை. கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் வீடு தேடி வந்து பார்ப்பவர் மருத்துவமாது; 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை தந்த கொடை அது.

நெஞ்சுவலி என்றால் ஓட்டோ தேடி நிற்க வேண்டாம். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய 'சுவசெரிய' அம்புலன்ஸ், 1990ஐ அழைத்தால் வரும். ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. ஒழுங்கையின் பெயரை மட்டும் திருத்தமாகச் சொல்லுங்கள். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள் எல்லாம் இருட்டில் ஒரே மாதிரித்தான் தெரியும்.