போறணை இல்லாத வீட்டில் பாண்

வன்னியில் கோதுமை மா இல்லாத வீட்டைக் காண்பது அரிது. காலையில் அதைக் குழைத்து ரொட்டி சுடுவார்கள். இரவுக்கு அவித்துப் பிட்டாக்குவார்கள், இல்லாவிட்டால் இடியப்பம் பிழிவார்கள். அதே மாவில் ஆகிற பாண் மட்டும் கடையிலிருந்துதான் வரவேண்டும். கிளிநொச்சி நகரமானாலும் மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கமானாலும், வெதுப்பகத்தில் சூடாக இறங்குகிற றோஸ் பாணுக்குத் தனி மவுசு. உள்வீதிகளுக்கு முச்சக்கர வண்டி பாட்டோடு கொண்டுவந்து தந்துவிடும்.

வீட்டில் ஏன் பாண் சுடுவதில்லை? கைப்பக்குவம் இல்லாததால் அல்ல. வீட்டில் போறணை இல்லை, அவ்வளவுதான்.

விறகுப் போறணை ஒரு செங்கல் அறை. அதற்குள்ளேயே விறகை எரித்து, கல் நன்றாகச் சூடேறியதும் தணலை ஒதுக்கி, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, பாணை வைத்து வாயை அடைத்துவிடுவார்கள். கல்லில் தேங்கிய சூடு மேலும் கீழும் பக்கமும் ஒருசேரப் பாணை வேகவைக்கும். சூடு காணுமா என்று பார்க்க ஒரு பிடி மாவைத் தரையில் தூவுவது பழைய முறை. மா மெல்லப் பொன்னிறமானால் சரி, உடனே கருகினால் பொறுக்கவேண்டும். பாண் இறங்கிய பிறகும் சூடு மிச்சமிருக்கும். அதில் பணிஸ் வேகும். இந்த வேலையை இரண்டு பாணுக்காக எந்த வீடும் செய்யாது.

ஆனால் அந்தச் சூட்டைச் சிறிய அளவில் உண்டாக்கலாம். வீட்டில் தணலில் கேக் சுட்டவர்களுக்கு இது தெரியும். கனத்த இரும்புத் தாச்சியில் இரண்டு விரல் உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, மூன்று சிறு கற்களை வைத்து, மூடி, அரை மணி நேரம் சூடேற்ற வேண்டும். கற்களின்மேல் பாண் தட்டு. இரும்பு மூடியின்மேல் சிரட்டைக்கரித் தணல். மேல் தணல் இல்லாவிட்டால் பாண் வெந்தும் வெளிறிப்போய்க் கிடக்கும்.

மாக் கணக்கு எளிது. ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்கவேண்டும் என்று நுகர்வோர் விவகார அதிகார சபை 2024இல் வர்த்தமானியில் அறிவித்தது. அந்த நிறைக்கு ஏறக்குறைய 300 கிராம் மா போதும். ஒரு கிலோவில் மூன்று பாண். 300 கிராம் மாவுக்கு 190 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் சீனி. ஈஸ்டைச் சீனித் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடத்தில் நுரை வராவிட்டால் அதை வீசிவிடலாம். வெக்கையில் கிடந்த பைக்கற் பலதுக்கும் இதே கதிதான். குழைத்த மாவைக் கிள்ளி இழுத்தால் அறுந்துபோகாமல் மெல்லிய தாளாக விரிய வேண்டும். குளிர் நாட்டுச் சமையல் புத்தகங்கள் ஒன்றரை மணி நேரம் பொங்கவிடச் சொல்லும். வன்னியின் சித்திரை வெயிலில் முக்கால் மணி நேரத்திலேயே மா இரண்டு மடங்காகிவிடும், அதற்கு மேல் விட்டால் புளிக்கும். வெந்த பாணின் அடியைத் தட்டினால் வெற்றுப் பெட்டியைத் தட்டிய சத்தம் கேட்கும்.

இதில் காசு மிஞ்சுமா? பெரிதாக மிஞ்சாது. இரணைமடுக் குளத்தின் தண்ணீரில் நெல் விளைகிற மண்ணில் கோதுமை விளைவதில்லை. இலங்கை முழுவதுக்கும் கோதுமை கப்பலில்தான் வருகிறது. அதை அரைக்கும் பெரிய ஆலை முல்லைத்தீவுக்குத் தெற்கே திருகோணமலையில் 1980இல் தொடங்கியது. போருக்குப் பின் மீள்குடியேறியவர்களின் நிவாரணப் பொதியிலும் அரிசியோடு கோதுமை மா இருந்தது. 2022இல் டொலர் தட்டுப்பாடும் உக்ரேன் போரும் சேர்ந்து வந்தபோது பாண் 200 ரூபாயைத் தாண்டியது. எரிவாயுவும் டீசலும் இல்லாமல் நாடெங்கும் பல வெதுப்பகங்கள் பூட்டிக்கிடந்தன. அப்போது வீட்டில் சுட நினைத்தவருக்கும் மா விலை அதே விலைதான்.

வீட்டுப் பாணின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. சீனியும் மாஜரினும் எவ்வளவு என்பது சுடுகிறவர் கையில். மாவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக் குரக்கன் மா சேர்க்கலாம். குரக்கனில் கோதுமையைப்போல இழுபடும் பசைப்புரதம் கிடையாது. பங்கு கூடக் கூடப் பாண் பொங்காமல் ரொட்டியாகிவிடும். ரொட்டி சுட வன்னியில் யாரும் பாடம் கேட்கப்போவதில்லை. பதனப்பொருள் சேராத பாண் இரண்டு நாளுக்குத்தான் தாங்கும், மாரியில் அதுவும் கடினம். அதனால் ஒரே தணலில் இரண்டு பாண் சுடுகிறவர்கள் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்கு அன்றைக்கே கொடுத்துவிடுவது நல்லது.