அம்மாவிடம் கேட்காமல் விட்ட கேள்வி

(தமிழ் இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆசிய அமெரிக்க மாணவர் சங்கத்தில் என்ன வேலை?" என்று சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் பெரியவர் ஒருவர் வினவினார். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று விடை கூற விழைகின்றேன்.

2004இல் கல்லூரியில் சேர்ந்தேன். உண்மையைச் சொன்னால், இலவச உணவுக்காகவே அச்சங்கத்துக்கு முதலிற் சென்றேன். "நீயும் ஆசியரா?" என்றுதான் வரவேற்றார்கள். சீன, கொரிய, வியட்நாமிய மாணவர்களே அங்கு மிகுதி. தெற்காசிய மாணவர் சங்கத்திலோ இந்திப் பாடலுக்கு ஆடத் தெரியாதவளுக்கு இடமில்லை. அந்த மனக்குறை இன்றும் எனக்கு உண்டு, மறைக்க விரும்பவில்லை.

ஆனால் "ஆசிய அமெரிக்கர்" என்பது பிறப்பால் வந்த பெயரன்று. "ஓரியண்டல்" என்று பிறர் இட்ட பெயரை மறுத்து, 1968இல் பேர்க்லி மாணவர்களான யூஜி இச்சியோக்காவும் எம்மா ஜீயும் தெரிந்தெடுத்த அரசியற் பெயர் அது. இதை அங்குதான் கற்றேன்.

என்னை மாற்றியது ஒரு பெப்ரவரி மாலை. 1942 பெப்ரவரி 19இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட ஆணையால் ஏறத்தாழ 1,20,000 யப்பானிய வம்சாவளியினர் முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்! அந்நாளை நினைவுகூரும் கூட்டத்தில் ஒரு மாணவன் தன் பாட்டியாரைப் பற்றிப் பேசினான். பத்து வயதில், சுமக்கக்கூடிய பொருட்களுடன் மட்டும், குதிரை லாயமொன்றிற் குடியேற்றப்பட்டவர் அவர். பிள்ளைகளிடம் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. பேரப்பிள்ளைகள் கேட்டபோதே வாய் திறந்தாராம். 1969இல் இளையோர் பலர் மன்சனார் முகாம் இருந்த இடத்துக்குப் பயணம் சென்றதும், 1988இல் அரசு மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கச் சட்டம் இயற்றியதும், இவ்வாறு மௌனம் கலைந்த வரலாற்றின் பகுதிகளே.

எங்கள் வீட்டிலும் ஒரு மௌனம் இருந்தது. 1983 யூலையைத் தேர்வுக்குரிய ஆண்டைப்போல் மட்டுமே நான் அறிந்திருந்தேன். அன்றிரவே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அதை ஏன் பிள்ளை இப்ப கேக்கிறாய்?"

பின்னர் விடியும்வரை பேசினார். வெள்ளவத்தையில் எரிந்த வீடு, இரத்மலானை விமான நிலைய முகாம், காங்கேசன்துறைக்குச் சென்ற சரக்குக் கப்பல். உடுத்திருந்த சேலைகூட, ஒளித்து வைத்துக் காத்த சிங்கள அயலவர் கொடுத்ததாம். பத்தொன்பது ஆண்டுகள் அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்த எனக்கு இவற்றுள் எதுவும் தெரியாது.

அடுத்த ஆண்டு அதே மேடையில் நான் யூலையைப் பற்றிப் பேசினேன். அம்மா இரண்டு மணி நேரம் வாகனம் செலுத்தி வந்து, கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் அம்மாணவனின் பாட்டியார் அவரைத் தேடிச் சென்று கையைப் பற்றிக்கொண்டார். நாங்கள் நாற்காலிகளை எல்லாம் அடுக்கி முடித்த பின்னரும் இருவரும் பேசிக்கொண்டே இருந்தனர்.