முன் பிரேக்கைத் தொடாதே

நடுவுல ரெண்டு எபிசோட் வரலையேன்னு கேட்டு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. காரணத்தைச் சொல்லிடறேன். அந்தக் காரணம்தான் இன்னிக்கு எபிசோடே.

ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி, ஒரு சாயங்காலம், அம்மாவைப் பின்னாடி உட்கார வெச்சுக்கிட்டு வேளச்சேரியிலிருந்து தரமணி பக்கம் போயிட்டிருந்தேன். பல வாரம் காய்ஞ்சு கிடந்த ரோட்டுல அப்பதான் முதல் தூறல். வேகம் 40 கிலோமீட்டர் இருக்கும், அதுக்கு மேல இல்ல. முன்னால போன ஷேர் ஆட்டோ ஆள் ஏத்த சட்டுனு நின்னுது. நான் வலது காலால பிரேக்கை மிதிச்சேன். முழு பலத்தோட, பின் பிரேக்கை மட்டும். பின் சக்கரம் அப்படியே இறுகிப் போய், வண்டியோட வால் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போச்சு. அடுத்த நொடி ரெண்டு பேரும் ரோட்டுல.

ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சுது. எனக்கு முழங்கையில தோல் போனதோட சரி. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிஞ்சுடுச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. போன வாரம்தான் பிரிச்சாங்க.

முன் பிரேக் என் விரலுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. ஏன் பிடிக்கலை? வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தப்போ அப்பா சொன்ன முதல் பாடமே "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சுடும்" அப்படிங்கறதுதான். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க. நானும் பத்து வருஷமா அப்படியேதான் ஓட்டிட்டிருந்தேன். இத்தனைக்கும் பிளஸ் ஒன்னுல உராய்வு பத்தி ஒரு பாடமே படிச்சு, பரீட்சையில எழுதி, மார்க்கும் வாங்கினவன்.

அந்தப் பாடத்துல நமக்கு மனசுல தங்கினது ஒரே ஒரு வரிதான்: உராய்வு இயக்கத்தை எதிர்க்கும். அது பாதிதான் சரி. உராய்வு எதிர்ப்பது வழுக்கலை. நடக்கும்போது கால் தரையைப் பின்னால தள்ளுது, தரை நம்மை முன்னால தள்ளுது. அந்தத் தள்ளுதல் உராய்வுதான். சோப்புத் தண்ணி கொட்டின டைல்ஸ்ல நடந்து பாருங்க, உராய்வு இல்லேன்னா ஒரு அடிகூட முன்னால போக முடியாதுன்னு இடுப்பு சொல்லிக்கொடுக்கும்.

சக்கரத்துல இன்னும் ஒரு விஷயம் இருக்கு, எனக்கு இது இப்பவும் ஆச்சரியம். வண்டி 40-ல போகுது. சக்கரத்தோட நடு அச்சு 40-ல போகுது, மேல் விளிம்பு 80-ல போகுது. ஆனா ரோட்டைத் தொடுற அந்த ஒரு இடம் மட்டும், தொடுற அந்தக் கணத்துல, அசையாம நிக்குது. பாதம் பதிச்சு எடுக்கற மாதிரி. அதனால உருளுற டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல நம்ம பிடிமானமா இருக்கறது ஓய்வுநிலை உராய்வு. சக்கரம் இறுகி இழுபட ஆரம்பிச்சதும் அது இயக்க உராய்வா மாறிடுது. இது அதைவிடக் குறைவு. அளவு குறையறதுகூடப் பரவாயில்ல, திசையும் போயிடுது. உருளுற சக்கரம் பக்கவாட்டுல நகர மறுக்கும். இழுபடுற சக்கரத்துக்கு முன், பின், பக்கம்னு எந்த வித்தியாசமும் கிடையாது. என் வண்டியோட வால் திரும்பினது அதனாலதான்.

சரி, பின் சக்கரம் ஏன் அவ்வளவு சுலபமா இறுகிச்சு? பஸ்ல நின்னுட்டுப் போகும்போது டிரைவர் பிரேக் போட்டா நாம முன்னால சாயறோம் இல்லையா, பைக்கும் அதேதான் பண்ணுது. எடை முன் சக்கரத்துக்குப் போயிடுது. டயரோட பிடிமானம் அதை அழுத்துற எடையைப் பொறுத்தது. எடை போனா பிடிமானமும் போச்சு.

அம்மாவுக்குத் தூக்கம் வராத ஒரு ராத்திரி, பக்கத்துல உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு ஆள் ஓட்டுற பைக். நிக்கும்போது எடை ரெண்டு சக்கரத்துக்கும் பாதிப்பாதி. சக்கரங்களுக்கு நடுவுல 1.3 மீட்டர், எடையோட மையம் தரையிலிருந்து 0.7 மீட்டர் உயரம். காய்ஞ்ச தார் ரோட்டுக்கு உராய்வுக் குணகம் 0.7, ஈர ரோட்டுக்கு 0.4-ன்னு வெச்சுக்கிட்டேன். எல்லாம் தோராயம்தான். காய்ஞ்ச ரோட்டுல ரெண்டு பிரேக்கையும் முழுசாப் பிடிச்சா, எடையில கிட்டத்தட்ட 88 சதவீதம் முன் சக்கரத்து மேல! பின் சக்கரத்துக்கு மிச்சம் 12.

40 கிலோமீட்டர் வேகத்துல, காய்ஞ்ச ரோட்டுல, ரெண்டு பிரேக்கும் சரியாப் பிடிச்சா 9 மீட்டர்ல நிக்கும். பின் பிரேக் மட்டும்னா 25 மீட்டர். ஈர ரோட்டுல ரெண்டும் பிடிச்சா 16 மீட்டர். ஈர ரோட்டுல பின் பிரேக் மட்டும்னா 38 மீட்டர், அதுவும் சக்கரம் இறுகாம இருந்தா. பின்னாடி ஒரு ஆள் இருந்தா பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் எடை கூடும், கணக்கு கொஞ்சம் மாறும். ஆனா தலைகீழா மாறாது.

அப்புறம் ஒரு நாள் அந்த இடத்துக்குப் போய், நான் பிரேக் மிதிச்ச இடத்துலேர்ந்து ஆட்டோ நின்ன இடம் வரைக்கும் அடி வெச்சு அளந்தேன். சுமார் 22 மீட்டர். 16-க்கும் 38-க்கும் நடுவுல. எனக்கு அந்த ராத்திரி தூக்கம் வரலை.

முதல் தூறலைப் பத்தியும் சொல்லிடணும். பல வாரமா ரோட்டுல படிஞ்ச எண்ணெய், தூசி, டயர் தேஞ்ச துகள் எல்லாம் அந்தக் கொஞ்சத் தண்ணியில கலந்து வழவழன்னு ஆயிடும். ஒரு மணி நேரம் நல்லாக் கொட்டினா கழுவிட்டுப் போயிடும். அதனால பெரிய மழையைவிட இந்தத் தூறல்தான் மோசம். ஜீப்ரா கிராஸிங்கோட வெள்ளைப் பெயின்ட் அதைவிட மோசம். டயர்ல இருக்கற பள்ளங்கள் பிடிமானத்துக்குன்னு நிறைய பேர் நினைக்கிறோம். காய்ஞ்ச ரோட்டுக்கு அது தேவையே இல்ல, அதனாலதான் ரேஸ் பைக் டயர் வழவழப்பா இருக்கு. பள்ளங்களோட வேலை தண்ணியை வெளியே தள்ளறது.

நம்ம ஊர்ல 125 சிசிக்கு மேல உள்ள பைக்குகளுக்கு 2019 ஏப்ரல்லேர்ந்து ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் இறுகப் போறதை சென்சார் கண்டுபிடிச்சு, ஒரு நொடியில பல தடவை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். உருளுற நிலைமையைக் காப்பாத்தித் தருது, அவ்வளவுதான். என் வண்டி அதுக்கு முந்தினது.

இந்தக் கணக்கையெல்லாம் அப்பாகிட்ட காட்டினேன். கோபப்படுவார்னு நினைச்சேன். அவர் பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "வளைவுல மணல் கிடந்தா என்ன பண்ணுவே?" அப்படின்னார். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வளைவுல, மணல்ல, முன் பிரேக்கைப் பிடிச்சு விழுந்திருக்கார். தாடையில இருக்கற தழும்பு அதுதானாம். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

அவர் சொன்னதும் சரிதான். டயருக்கு இருக்கற மொத்தப் பிடிமானம் ஒரே ஒரு பட்ஜெட். வளைவுல திரும்பறதுக்கே அதுல பெரும்பகுதி செலவாயிடும். மிச்சத்துக்கு மேல பிரேக் கேட்டா டயர் கையை விரிச்சுடும். பின் சக்கரம் வழுக்கினா சில சமயம் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினா வளைவுல தப்பிக்கறது கஷ்டம். அதனால வளைவுக்கு முன்னாடியே, வண்டி நேரா இருக்கும்போதே, வேகத்தைக் குறைக்கணும். அப்பா ஒரு வளைவுல கத்துக்கிட்டதை எல்லா ரோட்டுக்கும் சேர்த்து எனக்குச் சொல்லிட்டார்.

இப்போ ஞாயித்துக்கிழமை காலையில நானும் அப்பாவும் பக்கத்து மைதானத்துக்குப் போறோம். 20-ல போய், முன் பிரேக்கை வெடுக்குனு இழுக்காம, எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி மெதுவா ஆரம்பிச்சு இறுக்கறது. எடை முன்னால வந்து உட்கார ஒரு கணம் ஆகும், அதுக்கு நேரம் கொடுக்கணும். கூடவே பின் பிரேக்கை லேசா. முதல் வாரம் என் விரல் அந்த லீவரைத் தொடவே மறுத்துச்சு. இப்போ பரவாயில்ல. அப்பா இன்னும் இழுக்கும்போது கண்ணை மூடிக்கறார், அதை முதல்ல நிறுத்தணும்.

அம்மா பஸ்லதான் போறாங்க.